'வண்டி சும்மா கல்லு மாதிரி இருக்கு!': ரெண்டேகால் லட்சத்துக்குள் ஒரு பழைய கார்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குப் பேசப் போறது பழைய கார் வாங்குறதைப் பத்தி. 'டாப் டென் கார்கள்' மாதிரி லிஸ்ட் எல்லாம் கிடையாது. நானே தேடி, ஒரு தடவை ஏமாந்து, கடைசியில் ஒரு வண்டி வாங்கின கதை. கணக்கோட சொல்றேன். பேப்பர், பேனா இருந்தா எடுத்து வச்சுக்கோங்க.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், சம்பளம் கைக்கு வர்றது 31,000. அப்பா முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டினவர். போன வருஷம் தீபாவளி முடிஞ்ச நாலாம் நாள் அவருக்குப் பக்கவாதம் வந்துச்சு. வலது கை, வலது கால், கூடவே பேச்சும் குழறிப் போச்சு. உயிர் பிழைச்சிட்டார். ஆனா வாரத்துக்கு ரெண்டு தடவை திருநெல்வேலிக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போகணும். போக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், வரவும் அவ்வளவு. பஸ் படியில் அவரால் ஏற முடியாது. வாடகைக் கார் போக வர, வெயிட்டிங் சேர்த்து 2,600 ரூபாய். மாசம் எட்டு தடவைன்னா 20,800. என் சம்பளத்தில் மூணில் ரெண்டு பங்கு.

முதல் மாசம் சமாளிச்சோம். ரெண்டாவது மாசம் அப்பாவே, 'போதும், வீட்லயே பயிற்சி பண்ணிக்கிடுதேன்'னு சொல்ல ஆரம்பிச்சார். காசை நினைச்சுத்தான் சொல்றார்னு எங்க எல்லாருக்கும் தெரியும். டாக்டர் என்ன சொல்லியிருந்தார்னா, முதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம், அதில் விட்டுட்டா அப்புறம் பிடிக்கிறது கஷ்டம். அதனாலதான் கார். கெத்துக்காகவோ ஸ்டேட்டஸுக்காகவோ இல்லை.

இன்னொரு விஷயம். ஓட்டப் போறது நான் இல்லை, என் தங்கச்சி. ஊர்ல இருந்து அப்பாவைப் பார்த்துக்கிறது அவதான். லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகலை. தேவர்குளம் தாண்டி, மானூருக்கு முன்னாடி, மத்தியான வெயில்ல வண்டி நின்னுச்சுன்னா, நடக்க முடியாத ஒருத்தரை வச்சுக்கிட்டு அவ என்ன செய்வா? நம்பிக்கையான வண்டின்னு நான் சொல்றது அந்த அர்த்தத்தில்தான்.

கையில் இருந்த பணம்: சீட்டு எடுத்தது 1,20,000, என் சேமிப்பு 60,000, அம்மாவோட செயினை அடகு வச்சது 40,000. மொத்தம் 2,20,000. இதுக்கு மேல ஒரு ரூபாய் கிடையாது.

முதல் தப்பு

நான் செய்த முதல் தப்பு, 2,20,000-க்குக் கார் தேடினது. கையில் இருக்கிற மொத்தப் பணமும் காரோட விலைன்னு நினைச்சுட்டேன். டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், பேர் மாத்துறது எல்லாம் மண்டையிலேயே இல்லை. பழைய வண்டின்னா, வாங்கின முதல் மாசமே அது கையை நீட்டும். அதனால பட்ஜெட்டில் ஏழில் ஒரு பங்கைத் தனியா எடுத்து வச்சுட்டு, மிச்சத்துக்குத்தான் கார் பார்க்கணும். இது பின்னாடிதான் புரிஞ்சுது.

ரெண்டாவது தப்பு, அழகைப் பார்த்து மயங்கினது. ஒரு புரோக்கர் மூலமா ஒரு சின்ன கார் வந்துச்சு, 2016 மாடல், தூத்துக்குடி நம்பர். வெளியே பளபளன்னு பாலிஷ். உள்ளே புது சீட் கவர், புது மேட், பெர்ஃபியூம் வாசனை தூக்குது. மத்த இடத்துல அதே மாடல் மூணு லட்சத்துக்கு மேல சொல்றாங்க. இவர் சொன்ன விலை 2,10,000. 'தம்பி, வண்டி சும்மா கல்லு மாதிரி இருக்கு. சாயந்தரம் இன்னொரு பார்ட்டி மதுரையில இருந்து வருது. உங்க இஷ்டம்.' அவ்வளவுதான், என் கை நடுங்கிருச்சு. 10,000 அட்வான்ஸ் கொடுத்துட்டேன். ரசீதுகூட வாங்கலை.

மறுநாள் ராஜபாளையம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிற ஒரு மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட்டிட்டுப் போனேன். அவர் இன்ஜினைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட் பெல்ட்டை முழுசா, கடைசி வரைக்கும் இழுத்தார். மேல பாதி கறுப்பு, கீழ பாதியில் கோடு போட்ட மாதிரி செம்மண் கறை. அப்புறம் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, சீட் நகர்ற கம்பியைத் தடவினார். விரல்ல துரு ஒட்டிக்கிட்டு வந்துச்சு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கச் சொன்னார். அந்தக் குழியோட மூலையில் காய்ஞ்ச வண்டல்.

'தம்பி, இது தண்ணிக்குள்ள நின்ன வண்டிலா' என்றார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகள் நெல்லை, தூத்துக்குடிக்காரங்க யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயிலும் நூத்துக்கணக்கான பயணிகளும் வெள்ளத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டாங்க. ரயில் கதை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. வீட்டு வாசல்ல நின்ன கார்கள் என்ன ஆச்சுன்னு யாரும் யோசிக்கிறதில்லை. 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகும் இதே கேள்விதான். மூழ்கின வண்டிகளில் பல ஏலத்தில் போகும், காயவைச்சு, கழுவி, புது சீட் கவர் போட்டு, எங்கேயாவது மறுபடியும் விற்பனைக்கு வரும். ஆரம்பத்துல ஓடும். வயரிங்கிலும் சென்சாரிலும் உள்ளுக்குள்ள துரு பிடிச்சு, ஒரு வருஷம் கழிச்சு எங்கேயோ நடுரோட்டில் நிக்கும்.

அட்வான்ஸ் திரும்ப வரலை. 'வேண்டாம்னு சொன்னது நீங்கதானே'ன்னுட்டார். அன்னைக்கு ராத்திரி அம்மாவோட கழுத்தைப் பார்க்க முடியலை என்னால.

எலுமிச்சைக் கார்

அப்ப நான் படிச்ச ஒரு விஷயத்தைச் சொல்றேன். அமெரிக்காவில் உள்ளுக்குள்ள கோளாறு இருக்கிற காரை 'எலுமிச்சை'ன்னு சொல்வாங்க. 1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் இந்த எலுமிச்சைச் சந்தையைப் பத்தியே ஒரு கட்டுரை எழுதினார். முதல்ல மூணு ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பிட்டாங்க. 2001-இல் ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் ரெண்டு பேரோட சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைச்சுது.

அவர் சொன்னது எளிமையான விஷயம். வண்டி நல்லதா கெட்டதான்னு விக்கிறவருக்குத் தெரியும், வாங்குறவருக்குத் தெரியாது. அதனால வாங்குறவர் பயந்துக்கிட்டு நடுத்தரமான விலைதான் கேட்பார். நல்ல வண்டி வச்சிருக்கிறவர், 'இந்த விலைக்கு ஏன் விக்கணும்?'னு வீட்டிலேயே நிறுத்திக்குவார். கெட்ட வண்டிக்காரர் சந்தோஷமா விப்பார். கடைசியில் சந்தையில் மிஞ்சுறது பெரும்பாலும் எலுமிச்சைதான்.

அப்படின்னா நாம செய்ய வேண்டியது என்ன? அவருக்குத் தெரிஞ்சதுக்கும் நமக்குத் தெரிஞ்சதுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைக் குறைக்கணும். விலை பேசுறது எல்லாம் அதுக்கு அப்புறம். அதுக்கு மூணு வழி வச்சுக்கிட்டேன்: காகிதம், மெக்கானிக், விக்கிற ஆள்.

காகிதம்

வண்டியைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடியே நம்பரை மட்டும் வாங்கிக்கோங்க. அரசாங்கத்தோட எம்-பரிவாகன் ஆப்பிலோ பரிவாகன் இணையதளத்திலோ போட்டுப் பாருங்க. பதிவுத் தேதி, எத்தனையாவது ஓனர், ஆர்.சி. எப்ப முடியுது, இன்சூரன்ஸ் இருக்கா, வண்டி மேல கடன் இருக்கான்னு தெரிஞ்சுடும். அபராதம் பாக்கி இருக்கான்னு இ-செலான் பக்கத்தில் பார்க்கலாம். இதைப் பார்க்க ரெண்டு நிமிஷம் போதும்.

நான் பார்த்த ரெண்டாவது வண்டி இதுலேயே நின்னுருச்சு. 'லோன் எப்பவோ கட்டி முடிச்சாச்சு'ன்னார் ஓனர். ஆனா ஆர்.சி.யில் கடன் கொடுத்தவங்க பேர் அப்படியே இருக்கு. கட்டி முடிச்சிருக்கலாம், பொய்யாவும் இருக்கலாம். கடன் கொடுத்த இடத்திலிருந்து என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் அந்தப் பேரை நீக்கின பிறகு பேசலாம்னு வந்துட்டேன். அவர் மறுபடி கூப்பிடவே இல்லை.

மூணாவது, கேரளா வண்டி. எங்க ஊருக்குச் செங்கோட்டை, புளியரை தாண்டினா கேரளா. அந்தப் பக்கத்து வண்டி விலை கம்மியாத் தெரியும். ஆனா வெளி மாநில வண்டியை இங்கே 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா தமிழ்நாட்டு நம்பர் வாங்கணும். அதுக்கு அங்கிருந்து ஃபார்ம் 28-இல் என்.ஓ.சி., இங்கே தமிழ்நாட்டு வரி, அலைச்சல். எல்லாம் கூட்டினா கம்மி விலை கம்மியா இல்லை. டெல்லி வண்டிக்கும் இதே கணக்குத்தான். அங்கே 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டிகளுக்குத் தடைன்னு 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-இல் உச்ச நீதிமன்றமும் ஆமோதிச்சதுல இருந்து நிறைய டீசல் வண்டி மத்த மாநிலங்களுக்கு வந்துச்சு. மலிவா இருந்தா ஏன் மலிவுன்னு கேளுங்க, அவ்வளவுதான்.

மெக்கானிக்

அண்ணாச்சி எனக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொல்றேன். அவருக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தேன். இந்த மொத்தக் கதையிலும் உருப்படியா செலவான ஆயிரம் அதுதான்.

ஒண்ணு, காலையில் போங்க, வண்டி குளிர்ந்திருக்கும்போது. போன உடனே பானெட்டில் கை வையுங்க. சூடா இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருக்காங்கன்னு அர்த்தம். ஸ்டார்ட்டிங் பிரச்சினையும் முதல் புகையும் குளிர்ந்த இன்ஜினில்தான் தெரியும். நீலப் புகைன்னா இன்ஜின் ஆயிலைக் குடிக்குது. ஆயில் மூடியைத் திறந்தா உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையா படிஞ்சிருந்தா, ஆயிலில் தண்ணி கலக்குதோன்னு சந்தேகப்படணும்.

ரெண்டு, டயர். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319-ன்னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரிச்சது. பட்டன் நல்லா இருந்தாலும் ஆறேழு வருஷ டயர்னா மாத்துற செலவை விலையில் கழிங்க.

மூணு, மீட்டரை நம்பாதீங்க, பெடலை நம்புங்க. 40,000 கிலோமீட்டர்தான் ஓடினதுன்னு சொல்ற வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுன்னு தேய்ஞ்சிருந்தா, ஸ்டியரிங் பளபளன்னு இருந்தா, எங்கேயோ உதைக்குது. சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்க.

நாலு, பெயின்ட். பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் நின்னு பாருங்க, ஒரு கதவு மட்டும் வேற சாயல்ல இருந்தா பட்டி பார்த்திருக்காங்க. சின்ன டிங்கரிங் பரவாயில்லை. ஆனா பானெட்டுக்குள்ள முன்பக்கச் சட்டத்தில் வெல்டிங் தெரிஞ்சா கிளம்பிடுங்க. அண்ணாச்சி சிரிச்சுக்கிட்டே சொன்னார்: 'நம்ம ஊர் சாமி பாதி சிவன், பாதி பெருமாள். கும்பிடலாம். வண்டி பாதி ஒண்ணு, பாதி ஒண்ணுன்னு இருந்தா கும்பிட்டுட்டு வந்துரணும்.' சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோட ஒத்துப் பார்க்கச் சொன்னதும் அதுக்குத்தான்.

அஞ்சு, இது எனக்குத் தோணவே தோணாதது: 'ஓட்டப் போறது யாரு? அவங்களைக் கூட்டிட்டு வா.' தங்கச்சியைக் கூட்டிட்டுப் போன பிறகுதான் தெரிஞ்சுது, எனக்கு ஓகேவா இருந்த ஒரு வண்டியில் கிளட்ச் அவளுக்கு மிதிக்கவே முடியாத அளவு இறுக்கம்.

விக்கிற ஆள்

நாலாவது வண்டி, ஓய்வு பெற்ற ஒரு வாத்தியாரோடது. புளியங்குடிப் பக்கம். 2011 நவம்பரில் பதிவான வேகன் ஆர், டி.என். 79, எங்க ஊர் நம்பர்தான். ஒரே ஓனர், 71,000 கிலோமீட்டர், சர்வீஸ் பில் எல்லாம் ஒரு பழைய டைரிக்குள்ள மடிச்சு வச்சிருந்தார். பார்க்க அழகு கிடையாது. கூரையில் பெயின்ட் வெளுத்திருக்கு, பின் பம்பர் ஒடுங்கியிருக்கு. ஆனா சீட் உயரம். அப்பாவை நாற்காலியில் உட்கார வைக்கிற மாதிரி உட்கார வைக்கலாம், குனிஞ்சு இறங்க வேண்டியதில்லை. அதில் இருக்கிறது கே-சீரிஸ் இன்ஜின், டைமிங் பெல்ட்டுக்குப் பதிலா செயின். பெல்ட்டை இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்ங்கிற கவலை இல்லை. ஸ்பேர் எந்த ஊர்லயும் கிடைக்கும்.

நான் கேள்வி கேட்கப் போனா, அவர் என்னைக் கேள்வி கேட்டார். யார் ஓட்டப் போறா, லைசென்ஸ் இருக்கா, எங்கே நிறுத்துவீங்க. கடைசியா, 'தம்பி, பேர் மாத்துறதுக்கு எல்லாத்திலயும் கையெழுத்துப் போட்டு, இன்சூரன்ஸ் பேசினப்புறம்தான் சாவி. அதுக்குச் சம்மதம்னா விலை பேசலாம்' என்றார். முன்னாடி ஒரு பைக்கை வித்து, வாங்கினவன் பேர் மாத்தாம விட்டு, இவர் கோர்ட் வரைக்கும் அலைஞ்சிருக்கார்.

அவர் பயம் நியாயமானது. 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லியிருக்கு: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டப்படி ஓனர், விபத்து நடந்தா இழப்பீட்டுப் பொறுப்பு அவர் தலையில்தான். மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள்ள வித்தவர் 14 நாளுக்குள்ள தகவல் கொடுக்கணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும். ஃபார்ம் 29, ஃபார்ம் 30. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள நம்ம பேருக்கு மாத்த எழுதிக் கொடுக்கணும். இல்லைன்னா நம்ம வண்டிக்கு ஆகுற சேதத்துக்குக் காசு கேட்க முடியாம போகலாம். அவரோட நோ கிளெய்ம் போனஸ் அவருக்குத்தான், வண்டியோட வராது.

எனக்கு அப்பதான் அகெர்லாஃப் ஞாபகம் வந்தார். அவசரப்படுத்துறவரை விட, நம்மளை நிறுத்தி வச்சுக் கேள்வி கேட்கிற ஆள்கிட்ட வாங்குறது நல்லது.

அவர் சொன்னது 2,10,000. நான் மூணு விஷயம் வச்சுப் பேசினேன். முன் டயர் ரெண்டும் பழசு. பேட்டரி சாகப் போகுது. 2026 நவம்பரில் 15 வருஷம் முடியுது, அப்ப எஃப்.சி. காட்டி அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிக்கணும், 2022-இல் மாத்தின விதிப்படி அந்தக் கட்டணமே 5,000, பசுமை வரி தனி. 1,80,000-க்கு முடிஞ்சுது. பணம் பேங்க் மூலமாத்தான் அனுப்பினேன். வண்டி கை மாறின தேதி, நேரம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

கணக்கு

சொன்ன மாதிரி கணக்கு. கார் 1,80,000. ரெண்டு டயர் 7,000. பேட்டரி 4,200. ஆயில், கூலன்ட், பிரேக் பேட் 5,500. சஸ்பென்ஷன் புஷ் வேலை 4,000. அவரோட இன்சூரன்ஸ் முடியுற தறுவாயில் இருந்ததால மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் புதுசு. 1,000 சி.சி.க்குள்ள இருக்கிற காருக்கு 2022 ஜூனில் நிர்ணயிச்ச அடிப்படை பிரீமியம் 2,094, வரி, ஓனர் விபத்துக் காப்பு எல்லாம் சேர்த்து 3,000. பேர் மாத்துற செலவு 1,500. மெக்கானிக் அண்ணாச்சிக்கு 1,000. போன அட்வான்ஸ் 10,000. மொத்தம் 2,16,200. மிச்சம் 3,800.

முதல் பயணத்துக்கு நானும் பொதிகையில் ஊருக்கு வந்துட்டேன். தங்கச்சி ஓட்டுறா, அப்பா முன் சீட்டில், நானும் அம்மாவும் பின்னாடி. ஊரைத் தாண்டி ஒரு பத்து நிமிஷம் அப்பா ஒண்ணும் பேசலை. திடீர்னு இடது கையைத் தூக்கி, 'மெதுவா' என்றார். அவ வேகத்தைக் குறைச்சா. தலையைச் சாய்ச்சுக் கேட்டார். 'பின்னால... இடது பக்கம்... உரசுது' என்றார், ஒவ்வொரு வார்த்தையா.

எங்க மூணு பேருக்கும் எதுவும் கேட்கலை. திரும்பி வந்து அண்ணாச்சிகிட்ட விட்டா, பின் இடது சக்கரத்து பேரிங் தேய்ஞ்சிருக்கு. அவரும் கவனிக்கலை. முப்பது வருஷம் தறிச் சத்தத்துக்கு நடுவுல, எந்தத் தறி எப்ப இழுக்குதுன்னு காதாலேயே கண்டுபிடிச்ச மனுஷன். 1,400 ரூபாய் ஆச்சு. மிச்சத்துக்குப் பெட்ரோல் போட்டோம்.

ஆறு மாசம் முடிஞ்சிருச்சு. ஒரு வாரம்கூடப் பயிற்சியை விடலை. வண்டி இதுவரைக்கும் நடுரோட்டில் நின்னதில்லை. அப்பா இப்ப கைத்தடி வச்சு வாசல் வரைக்கும் தானா நடந்து வந்து, கதவைத் தானே திறந்து உட்கார்றார். அம்மா செயின் இன்னும் அடகுலதான் இருக்கு. வாடகைக் காருக்குப் போக வேண்டிய காசில் மாசாமாசம் கட்டிட்டு வர்றேன், பொங்கலுக்குள்ள மீட்டுடுவேன்.

நீங்களும் கார் தேடிட்டு இருந்தீங்கன்னா ஒண்ணே ஒண்ணு. 'சாயந்தரம் இன்னொரு பார்ட்டி வருது'ன்னு யாராவது சொன்னா, 'சரிங்கண்ணே, அவங்களுக்கே கொடுத்துடுங்க'ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போங்க. எனக்கு அந்த ஒரு வரி தெரியாததுக்கு ஆன செலவு 10,000 ரூபாய். உங்களுக்கு இலவசம்.